ஐந்தாவது வயரும் ஏழாவது வயரும்

அன்பு மகள் டாக்னிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நாயும் மாடுகளும் சௌக்கியம். தண்ணீர் வண்டி மட்டும் நடுவில் சௌக்கியமில்லாமல் கிடந்து இப்போது தேறிவிட்டது. அந்த பீனிக்ஸ் நகரத்து வெயிலில் நீயும் உடம்பு வாடாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், பார்க்கவா முடிகிறது. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்லிவிடலாம் என்றால் போன் இருப்பது சமையலறையில், உன் அப்பா இருப்பதும் சமையலறையில். தோள் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் அங்கேயேதான் குடியிருக்கிறார், நான் உருளைக்கிழங்கு உரிக்கும் விதத்தில்கூடக் குற்றம் கண்டுபிடிக்கிறார். இன்று வேலிக்கம்பிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போயிருக்கிறார், அதனால் எழுத உட்கார்ந்தேன்.

மாடுகளை விற்றுவிட்டுக் குளிர் வருவதற்குள் உன்னிடம் வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய். அறை தயாராக இருக்கிறது, பக்கத்திலேயே நீச்சல்குளம், ஆஸ்பத்திரியும் கிட்டத்தில் என்று எல்லாம் எழுதியிருந்தாய். உன் மனது எனக்குத் தெரியாதா. குதிரை தள்ளிவிட்டு உன் அப்பா பனியில் கிடந்த செய்தியை அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டவள் நீ, பயப்படத்தான் செய்வாய். ஆனால் அந்தக் கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டிய வாரத்தில்தான் வண்டியும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. இரண்டும் சேர்ந்து என்னை என்ன பாடு படுத்தின என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நம் தண்ணீர் வண்டியை நீ மறந்திருக்க மாட்டாய். அந்த எழுபத்தாறாம் வருடத்துப் பச்சை வண்டிதான், பின்னால் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் குழாய்ச் சுருளும் ஏற்றி வைத்திருக்கிறோமே அதுதான். மின்னல் விழுந்து புல் பற்றிக்கொண்டால் முதல் போன் இன்னமும் நம் வீட்டுக்குத்தான் வருகிறது. உன் அப்பாவுக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டார், ஆனால் வானம் கறுத்தால் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். அந்த வண்டியின் பிளக் வயர்கள் எல்லாம் காய்ந்து வெடித்துப்போயிருந்தன. குளிர்காலத்திலேயே மாற்றுவதாக இருந்தது, அதற்குள் தோள் போய்விட்டது. சரி, கைதானே அவருக்கு இல்லை, எனக்கு இருக்கிறதே என்று நானே இறங்கினேன். எட்டு பிளக், எட்டு வயர், அவற்றுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, ரோட்டர் எல்லாம் புதிதாக வாங்கிவந்து, பழைய வயரை ஒன்று கழற்றினால் அதே இடத்தில் புதியதை ஒன்று மாட்டி, அப்புறம்தான் அடுத்ததைத் தொடுவது என்று நிதானமாகச் செய்தேன். வரிசை மாறிவிட்டது என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது பார். உன் அப்பா வலது கையைக் கழுத்துத் துணிக்கட்டில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று, அதை அழுத்து, இதை இன்னும் கொஞ்சம் அழுத்து என்று மேற்பார்வை பார்த்தார். நான் மதியச் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குள் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், வயர்களையெல்லாம் பக்கத்துக்கு நாலாக நேராக நீவி ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கி, தன் தோல் வார்களால் கட்டி வைத்திருக்கிறார். சேணத்தில் கட்டுவாரே, அதே முடிச்சு. ஒரு கையாலும் பல்லாலும் கட்டியிருக்கிறார். வயர்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பிடிக்கும் பழைய பிளாஸ்டிக் கவ்விகளைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டுவிட்டார், அவை தொளதொளவென்று இருந்தனவாம். நம் ஊரில் தொங்கும் எதையும் யார் சும்மா விடுகிறார்கள். தொங்கும் கயிறு குதிரைக் காலில் மாட்டும், தொங்கும் சட்டைக்கை டிராக்டர் தண்டில் சுற்றும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்தானே எல்லோரும். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, டாக்னி. நான் மனதாரப் பாராட்டினேன். கண்காட்சியில் வைத்தால் பரிசு வாங்கும் என்றேன். பனியில் விழுந்ததிலிருந்து ஒரு வேலையும் செய்ய முடியாமல் முகம் சுருங்கிக் கிடந்த மனிதர், அன்று மாட்டிறைச்சிக் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், கை கழுவும்போது சீட்டியடித்தார்.

வண்டியைக் கிளப்பினால் பூனை மாதிரி சுகமாக ஓடியது. தொட்டி காலியாக இருந்தவரைக்கும் அப்படித்தான். கோடைக்காகத் தண்ணீர் நிரப்பிப் பள்ளிக்கூட மேட்டில் ஏற்றினேன் பார், பாதியில் குலுக்க ஆரம்பித்தது. டக் டக்கென்று உள்ளே யாரோ சுத்தியால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், ஒரு உதறல், இழுவை போய்விட்டது, பின்னாலேயே உருண்டுவிடுமோ என்று பிரேக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த உன் அப்பா தலையை வெளியே நீட்டித் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். ஊர்த் தீயணைப்புக் குழுவுக்கு இப்போது கிளிஃபர்ட்தான் தலைவர், அவனும் எங்களுக்குப் பின்னால் தன் வண்டியில் வந்துகொண்டிருந்தான். நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். இறங்கி வந்து உன் அப்பா பக்கத்து ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, “ஓர்லின், மனசு கஷ்டப்படாதீங்க. இந்த மாசக் கடைசியில எல்லா வண்டியையும் மேட்டுல ஏத்திப் பாப்போமே, அந்த மேட்டோட்டத்துல இது இப்படியே மிஸ்ஸிங் அடிச்சுதுன்னா நெருப்புக்கிட்ட அனுப்ப என்னால முடியாது. கீழ நின்னு மத்த வண்டிக்குத் தண்ணி ரொப்பற வேலைக்கு வெச்சுக்கலாம்” என்றான். அவன் சொல்வதில் தப்பில்லை. காய்ந்த புல்லுக்கு நடுவில் ஒரு வண்டி நின்றுபோய் ஆள் இறங்கி ஓடவேண்டி வந்ததையும், வண்டி எரிந்து எலும்புக்கூடாய் நின்றதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோமே. நெருப்பு வண்டிக்காகக் காத்திருக்காது.

அன்று மாலை உன் அப்பா காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தவர், “டாக்னி சொல்றதுதான் சரி போல, லோரீன். தண்ணி ரொப்பவா இத்தனை வருஷம் இங்க இருந்தோம். இலையுதிர் சந்தையிலயே மாடுகளக் குடுத்துடலாம்” என்றார். கோபித்துக்கொள்ளாதே மகளே, உன் வீடு நல்ல வீடு, நீ எங்களைத் தங்கத் தட்டில் வைத்துத் தாங்குவாய். ஆனால் அங்கே உன் அப்பா காலையில் எதற்காக எழுந்திருப்பார் என்று யோசித்துப் பார். நீச்சல்குளத்துக்காகவா. வயதாகி, நாங்களாகவே முடிவெடுத்து வந்தால் அது வேறு. ஒரு வண்டி மேட்டில் உதறியது என்பதற்காகத் தோற்றுப்போனவர் மாதிரி அவரைக் கூட்டிக்கொண்டு வர எனக்கு இஷ்டமில்லை. வண்டியைச் சரிசெய்தே தீருவது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, ஊரில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வரிசை மாறியிருக்கும் என்றார்கள் முதலில், பெண்பிள்ளை போட்டதாயிற்றே. நான் மூடியிலிருந்து ஒவ்வொரு வயராக விரல் வைத்துப் பிளக் வரைக்கும் போய்க் காட்டினேன், எட்டும் சரி. பிறகு இன்ஜின் ஓடும்போதே காப்பிடப்பட்ட குறடால் ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தேன். எதை இழுத்தாலும் சத்தம் இறங்கியது, அப்படியென்றால் எட்டு சிலிண்டரும் வேலை செய்கிறது, நிற்கும்போது ஒன்றும் குறையில்லை, பாரம் இழுக்கும்போதுதான் நோய். புது பிளக்கில் கோளாறோ என்று பழைய பிளக்குகளைத் திரும்பப் போட்டேன், அதே உதறல். பழைய மூடியையும் ரோட்டரையும் மாட்டினேன், அதே. பொறி சரியான நேரத்தில் வருகிறதா என்று டைமிங் விளக்கு வைத்துப் பார்த்தேன், குறி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கிளிஃபர்ட் வந்து, “கார்புரேட்டர்ல தூசிங்க, கண்ண மூடிக்கிட்டு சொல்வேன்” என்றான். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களிடம் நான் என்ன பேச. இருந்தாலும் அதையும் கழற்றிச் சுத்தம் செய்தேன், பெட்ரோல் வடிகட்டியையும் மாற்றினேன். மேட்டில் பாதி வரைக்கும் போய் டக் டக், உதறல்.

கடைசியில் பக்கத்துப் பண்ணை இர்மா வந்தாள். இடுப்பு வலி இன்னும் இருக்கிறது அவளுக்கு, உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். வயரில் எங்கேயாவது மின்சாரக் கசிவு இருந்தால் இருட்டில் நீலப் பொறி தெரியும் அல்லவா, அதற்கு இரவு வரைக்கும் யார் காத்திருப்பது என்று நாங்கள் இருவரும் பட்டப்பகலில் இன்ஜினை ஓடவிட்டுக் குதிரைப் போர்வையைத் திறந்த பானெட்டின் மேல் போர்த்தி, விசிறிப் பக்கம் போகாமல், உள்ளே தலையை விட்டுக்கொண்டோம். இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியால் வயர்களின் மேல் தெளித்தேன். வெளியே நின்று பார்த்திருந்தால் இரண்டு கிழவிகளும் இன்ஜினுக்கு ஆவி பிடிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பாய். இர்மா, “ஒரு பொறியும் காணோமே லோரீன், குதிர நாத்தந்தான் வருது” என்றாள். உண்மைதான், பொறி ஒன்றுகூட இல்லை, வயர் எல்லாம் கல்லு மாதிரி நல்ல வயர். ஆனால் எனக்குக் குதிரையோடு இன்னொரு வாசனையும் வந்தது. சூடேறிய தோல் வாசனை. அப்பாவின் தோல் வார்.

அந்த நொடியில் உன் நார்மன் மாமா ஞாபகம் வந்தது. மண் பாதையில் பந்தயக் கார் ஓட்டினானே என் அண்ணன், அவனுக்குச் சுற்றுக்கு இவ்வளவு நேரம் என்று பார்த்துச் சொல்கிற வேலை சின்ன வயதில் எனக்கு. கொட்டகையில் வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தனையும் அவன், “அஞ்சையும் ஏழையும் ஒட்ட வெக்காதீங்கடா” என்று கத்துவான். விஷயம் இதுதான். இந்த இன்ஜினில் ஓட்டுநர் பக்கம் கடைசியில் ஐந்தாவது சிலிண்டரும் ஏழாவது சிலிண்டரும் அடுத்தடுத்து நிற்கின்றன. வெடிக்கும் வரிசையிலும் ஐந்து முடிந்த உடனே ஏழு. இரண்டின் வயரும் உடம்போடு உடம்பு ஒட்டிப் போனால், ஐந்தில் பாயும் மின்சாரம் பக்கத்து வயரையும் கிளப்பிவிட்டு, ஏழு தன் முறை வருவதற்கு முன்பே வெடித்துவிடும். சர்ச்சில் பாடும்போது பக்கத்து ஆள் மூச்சு இழுத்ததும் இர்மா ஒரு அடி முந்திப் பாட ஆரம்பித்துவிடுவாளே, அந்த மாதிரி. வெறுமனே ஓடும்போது அது தெரியாது, பாரம் ஏறும்போது மேலே வருகிற பிஸ்டனை எதிரே நின்று அடிக்கும். அதுதான் நாங்கள் கேட்ட சுத்தியல். கசிவு இல்லை, ஓட்டை இல்லை, ஒரு பொருளிலும் குற்றமில்லை. அழகாகக் கட்டியதுதான் குற்றம். தினம் அந்தக் கட்டைப் பார்த்து, தினம் மெச்சி, அதே கட்டின் மேல் கை வைத்துக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

இர்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் அவள் உன் அப்பாவைத் தோள் பயிற்சிக்காக டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனதும், நான் போய் முடிச்சுகளை அவிழ்த்தேன். வெட்டியிருந்தால் சட்டென்று முடிந்திருக்கும், மனசு வரவில்லை. தோல் தைக்கும் துளையூசியை விட்டு ஒவ்வொன்றாக நெம்பி அவிழ்த்தேன், ஒன்றில் அவர் பல் தடம்கூட இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. தகர டப்பாவிலிருந்து பழைய கவ்விகளை எடுத்து மாட்டி, ஐந்தாவது வயரையும் ஏழாவது வயரையும் நன்றாகத் தள்ளிப் பிடிக்க வைத்தேன். நிறைந்த தொட்டியோடு பள்ளிக்கூட மேட்டுக்குத் தனியாகப் போனேன். பாதி வந்தது, முக்கால் வந்தது, ஒரு உதறல் இல்லை, உச்சியில் போய் நின்று நான் வாய்விட்டுச் சிரித்ததில் மேய்ந்துகொண்டிருந்த மாடெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன.

உன் அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் அடுத்த பாடு. அந்தக் கட்டு ஒன்றுதான் இந்த வருடம் அவர் தன் கையால் செய்த வேலை. நீங்கள் கட்டியதால்தான் இவ்வளவும் என்று எந்த வாயால் சொல்வேன். கார்புரேட்டரில் மிச்சத் தூசி இருந்தது, எடுத்துவிட்டேன், ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அதன் பலன், மேட்டோட்டம் முடிந்து நடந்த விருந்தில் கிளிஃபர்ட் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய், “நாந்தான் அன்னைக்கே சொன்னேன், கார்புரேட்டர்னு” என்று பெருமை அடித்துக்கொண்டான். நான் உருளைக்கிழங்கோடு சேர்த்து அதையும் விழுங்கினேன். இந்த வயதில் இவ்வளவு கஷ்டமான எதையும் நான் விழுங்கியதில்லை.

மேட்டோட்டத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. நான் ஓட்டினேன், உன் அப்பா பக்கத்தில். வழக்கமாக உதறும் இடம் வந்ததும் இடது கையால் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டார். வண்டி அந்த இடத்தைத் தாண்டியது, அவர் மூச்சை விட்டார், உச்சியில் “ம்” என்றார், அவ்வளவுதான். முதல் போன் இந்த வருடமும் நம் வீட்டுக்குத்தான். சந்தையைப் பற்றியும் மாட்டை விற்பதைப் பற்றியும் அப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. அதனால் உனக்கு என் பதில் இதுதான், நாங்கள் இந்தக் குளிருக்கு வரவில்லை, நீ விடுமுறைக்கு இங்கே வா. இன்னொன்று, போனில் பேசும்போது அந்தத் தோல் வார் விஷயத்தை மறந்தும் அப்பாவிடம் சொல்லிவிடாதே. அது உன்னோடும் என்னோடும் இருக்கட்டும்.

மேலே எழுதியதை அப்படியே விடுகிறேன், அடிக்கப்போவதில்லை. இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா வேலி பார்த்துவிட்டு வந்துவிட்டார். காப்பி ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, ரொம்ப சாதாரணமாக, “என் தோல் வாரெல்லாம் எப்பத் தருவே? உன் ஏப்ரன் பையிலயே கெடக்கு, சேணத்துக்கு வேணும்” என்றார். பேனா அப்படியே நின்றுவிட்டது எனக்கு. எப்போது தெரியும் என்று கேட்டேன். மேட்டோட்டத்து அன்று காலையில் ஆயில் பார்க்க பானெட்டைத் திறந்தாராம், வார் இல்லை, கவ்வி இருக்கிறது, நின்று யோசித்தாராம். “நார்மன் கத்தறது எனக்கும் காதுல விழுந்துச்சு, கொஞ்சம் லேட்டா. தெரிஞ்சுதான் ஏறி உக்காந்தேன்” என்றார். பின் ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்றேன். “கிளிஃபர்டுக்குப் பேர் வாங்கிக் குடுத்துட்டு நீ முழுங்கிட்டு நின்ன பாரு, அத இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னு தோணிச்சு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. தெரிந்த பிறகும் அந்த இடத்தில் மூச்சை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டேன். காப்பியைப் பார்த்துக்கொண்டே, “கோளாறு வேற எதுலயாவது இருந்து வண்டி நின்னுட்டா டாக்னி வீட்டுக்குப் போயிடணுமேன்னுதான்” என்றார். பிறகு, தான் மாட்டை விற்கச் சொன்னதையும் எழுதிவிட்டேனா என்று கேட்டு, ஆம் என்றதும் பேனாவைக் கொடு என்றார். அடிப்பதற்கென்றால் தரமாட்டேன் என்றேன். அடிக்கவில்லை, எழுதத்தான் என்றார்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும் மகளே. நல்ல தூக்கமும் நல்ல துணையும் உனக்கு அமையட்டும். உன் காரில் ரேடியேட்டர் தண்ணீரையும் பெல்ட்டையும் பார்த்துக்கொள், அந்த வெயிலுக்கு இரண்டும் தாங்காது, மெக்கானிக் எதையாவது புதிதாக மாற்றிக் கொடுத்தால் சும்மா தெருவில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாமல் ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. ருபார்ப் ஜாம் தனியாக அனுப்பியிருக்கிறேன். கீழே இருக்கும் கோணல் எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. தோளை ஆபரேஷன் செய்ததற்கு அப்புறம் அந்த வலது கை எழுதுகிற முதல் எழுத்து அது.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா லோரீன்

டாக்னி, கட்டியது நான். அவிழ்த்தது உன் அம்மா. வண்டி ஏறுகிறது. அந்த அறையை வேறு யாருக்காவது வாடகைக்கு விடு.
அப்பா